அந்தியூர் பள்ளிக்கூடங்களுக்கு எஜமான் யார்?

அந்தியூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்?

வெற்றிலை ஞாபகம் வரும். ஆடி மாதம் குருநாதசாமி கோவில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தை ஞாபகம் வரும். பர்கூர் மலையின் செம்மறை மாடு ஞாபகம் வரும்.

ஆனால், காலையில் அந்தியூர் தெருவில் நின்று பாருங்கள். வேறு ஒரு சந்தை தெரியும். தோளில் பை. காலில் செருப்பு. சடையில் ரிப்பன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் கூட்டம்!

இந்தப் பள்ளிக்கூடங்களை நடத்துகிறவர் யார்? பணம் கொடுப்பவர் யார்? ஏதாவது குறை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த தாய்-தந்தையரில் பலருக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளாததால் நஷ்டம் யாருக்கு? பிள்ளைக்குத்தான்!

ஜில்லா போர்டு காலம்

அந்தியூர் முன்பு கோவை மாவட்டத்தில், பவானி தாலுகாவில் இருந்தது.

அப்போது கோவை மாவட்டம் மிகப் பெரியது. இன்றைய ஈரோடும் திருப்பூரும் அதற்குள் அடக்கம். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கொள்ளேகாலம்கூட அதில்தான் இருந்தது. 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது கொள்ளேகாலம் மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று.

அந்தக் காலத்தில் கிராமத்துப் பள்ளிகள் பலவற்றை நடத்தியது "ஜில்லா போர்டு". வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பதும், கூரை வேய்வதும் அதன் வேலை.

பிறகு காமராஜர் முதல்-மந்திரி ஆனார். 1958-ல் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டுகள் மறைந்தன. பஞ்சாயத்து யூனியன்கள் பிறந்தன. தொடக்கப் பள்ளிகள் யூனியன் கைக்கு வந்தன.

"ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்று பலகையில் இன்றும் எழுதி இருக்கிறதே, அந்தப் பெயர் வந்த கதை இதுதான்.

1979-ல் கோவையில் இருந்து ஈரோடு தனி மாவட்டமாகப் பிரிந்தது. தொடக்கத்தில் அதற்கு பெரியார் மாவட்டம் என்று பெயர். 2012-ல் அந்தியூர் தனித் தாலுகா ஆயிற்று.

1981-ல் இன்னொரு மாற்றம். ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அனைவரும் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அன்று முதல், பலகையில் ஒன்றியத்தின் பெயர். சம்பளம் அரசின் கஜானாவில் இருந்து!

ஊர் கூடிப் போட்ட சோறு

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது.

1956-ல் பகல் உணவுத் திட்டம் தொடங்கியது. அப்போது கல்வி மந்திரியாக இருந்தவர் சி.சுப்பிரமணியம். கோவை மாவட்டத்துக்காரர். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவர்.

அந்தச் சோற்றின் செலவு முழுவதையும் அரசாங்கம் கொடுக்கவில்லை. ஒரு பங்கை ஊர் மக்களே போட்டார்கள்.

1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கல்வித்துறை இயக்குனர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போனார். ஒருவர் இடம் கொடுத்தார். ஒருவர் பெஞ்சு கொடுத்தார். ஒருவர் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்.

"இது நம்ம பள்ளிக்கூடம்" என்று ஊர் சொன்ன காலம் அது.

ஒரு பையனோடு நடப்போம்

இப்போது ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 5. அவனோடு நாமும் பள்ளிக்கூடம் போவோம்.

முதலில் தொடக்கப் பள்ளி. 1 முதல் 5-ம் வகுப்பு வரை. நடுநிலைப் பள்ளி என்றால் 8-ம் வகுப்பு வரை. அடுத்து, 10-ம் வகுப்பு வரை உயர்நிலைப் பள்ளி. 12 வரை இருந்தால் மேல்நிலைப் பள்ளி. "பிளஸ்-டூ" என்பது நம் மாநிலத்தில் 1978-ல் வந்தது.

பள்ளிக்குத் தலைவர், தலைமை ஆசிரியர். தொடக்கப் பள்ளிக்கும் நடுநிலைப் பள்ளிக்கும் மேலே வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார். அவருக்கும் மேலே மாவட்டக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கும் ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் உண்டு. எல்லாருக்கும் மேலே ஈரோட்டில் முதன்மைக் கல்வி அலுவலர்.

ஈரோடு மாவட்டத்தில் ஒன்றியங்கள் 14. அந்தியூர், அம்மாபேட்டை, பவானி, கோபி என்று சமவெளி ஒன்றியங்களும் உண்டு. தாளவாடி போன்ற மலை ஒன்றியமும் உண்டு. அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு.

பையனுக்குப் புத்தகம் இலவசம். சீருடை இலவசம். பஸ் பாசும் உண்டு. மதியம் சத்துணவு. இது 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கியது. 2022-ல் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கியது. 2023-ல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் வாஷிங்டன் நகருக்குப் பக்கத்தில் பேர்பாக்ஸ் என்று ஒரு கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்றால் நம்முடைய மாவட்டம் மாதிரி. அங்கே பொதுப் பள்ளிகளில் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் பிள்ளைகள் படிக்கிறார்கள். இத்தனை பள்ளிகளுக்கும் ஒரே நிர்வாகம்!

அந்த நிர்வாகத்தின் தலைமையில் ஒரு கல்விக் குழு. அதன் உறுப்பினர்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போய், எழுந்து நின்று கேள்வி கேட்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா?

ஆனால், அதில் ஒரு சங்கடமும் உண்டு. அமெரிக்காவில் பள்ளிச் செலவில் கணிசமான ஒரு பகுதி அந்தந்த ஊரின் வீட்டு வரி, நில வரியில் இருந்து வருகிறது. பணக்கார ஊர் என்றால் பள்ளிக்குப் பணம் கொழிக்கும். ஏழை ஊர் என்றால் பள்ளியும் திண்டாடும்.

நம் ஊரில் அப்படி இல்லை. பர்கூர் மலையில் பாடம் நடத்தும் அரசு ஆசிரியருக்கும், ஈரோடு நகரத்தில் பாடம் நடத்தும் அரசு ஆசிரியருக்கும் சம்பளம் தருவது ஒரே அரசுதான். ஊர் ஏழை என்பதற்காக வாத்தியார் சம்பளம் குறையாது.

மலையில் ஒரு கேள்வி

அந்தியூரை விட்டு மலைப்பாதையில் ஏறினால் தாமரைக்கரை. அதையும் தாண்டினால் பர்கூர். அங்கே சோளகர்களும் லிங்காயத்துகளும் வாழ்கிறார்கள். பல வீடுகளில் பேசுவது கன்னடம். வீட்டில் ஒரு மொழி, புத்தகத்தில் ஒரு மொழி. குழந்தை என்ன செய்யும்? இரண்டு மடங்கு பாடுபட வேண்டும்.

தூரம் இன்னொரு கஷ்டம். 5-ம் வகுப்பு முடிந்ததும் அடுத்த பள்ளி தள்ளி இருந்தால், பையன் ஆட்டின் பின்னால் போகிறான். பெண்ணை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். கரும்பு வெட்டவும், செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகும் பிள்ளைகளும் உண்டு.

"படிச்சு என்னங்க ஆகப் போகுது? ஆட்டை யாருங்க பார்க்கிறது?" என்று தகப்பன் கேட்பான்.

அந்தக் கேள்வியில் பசி இருக்கிறது. அதைப் பார்த்து சிரிக்கக் கூடாது. பதில் சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பதில் சொல்கிறது.

6 வயது முதல் 14 வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசக் கல்வி உரிமை. பிறந்த தேதிச் சான்று இல்லை என்று சொல்லி சேர்க்க மறுக்கக் கூடாது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் ஆனாலும் சேர்க்க வேண்டும். நடுவில் நின்று போன பிள்ளையை, அவன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

10 வயதில் நின்றுபோன பையன் 12 வயதில் திரும்பி வருகிறான். அவனைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் வெட்கத்தில் ஓடிவிடுவான். அதனால்தான் இந்த ஏற்பாடு!

"படித்து என்ன ஆகப் போகிறது?" என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீதம் தனி இடம். 2020-ல் வந்தது இந்தச் சட்டம். அடுத்த ஆண்டே என்ஜினீயரிங், விவசாயம், சட்டப் படிப்புகளுக்கும் விரிந்தது. நடுவில் நின்றவனுக்கு இந்த வாசல் திறக்காது.

எஜமான் நீங்கள்தான்!

சரி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். எஜமான் யார்?

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் "பள்ளி மேலாண்மைக் குழு" என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். இதுவும் சட்டம்தான்.

கழிவறைக்குத் தண்ணீர் இல்லையா? வாத்தியார் இடம் காலியா? பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வருவது நின்றுவிட்டதா? இந்தக் குழுவில் பேசலாம். தீர்மானம் போடலாம். வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம்.

ஆனால், கூட்டத்துக்கு யார் போகிறார்கள்? "நமக்கு என்ன தெரியும்?" என்று பல தாய்மார்கள் ஒதுங்கிவிடுகிறார்கள்.

பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையும். கடைசியில் கதவே மூடிவிடும். கடன் வாங்கித் தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடிந்தவர்கள் போய்விடுவார்கள். மலையில் இருக்கிறவன் எங்கே போவான்?

அம்மா, அடுத்த முறை பள்ளியில் கூட்டம் என்று பிள்ளை சீட்டுக் கொண்டு வந்தால், அதை அடுப்பங்கரையில் செருகி வைக்காதீர்கள்.

எழுத்துக்கூட்டியாவது படியுங்கள். முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு புறப்படுங்கள். முன் வரிசையில் உட்காருங்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு அந்த இடம் உண்டு!