நஞ்சையில் எழுந்த அடுக்குமாடி

சென்னைப் புறநகரில் அடுக்குமாடி வீடு விற்கும் எந்த விளம்பரத்தை எடுத்தாலும் அதில் நிமிடக் கணக்கு இருக்கும். ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிடம், விமான நிலையத்துக்கு இருபத்தைந்து, ஐ.டி. பூங்காவுக்குப் பதினைந்து. வாங்குகிறவர்களும் அந்தக் கணக்கை வைத்துத்தான் மேடவாக்கமா, முடிச்சூரா, பெரும்பாக்கமா, ஊரப்பாக்கமா என்று முடிவெடுக்கிறார்கள். அந்தத் தெருவில் ஐப்பசி மழை எந்தப் பக்கம் வடியும், சித்திரை வெயிலில் குழாயில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற இரண்டு கேள்விகளை எந்த விளம்பரமும் தொடுவதில்லை. புறநகரில் பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியவை இவைதான் என்பது என் வாதம். வேலை மாறும், பிள்ளைகள் பள்ளி முடித்துப் போவார்கள், புதுச் சாலை வரும். நிலத்தின் சரிவு, இருபது வருடக் கடன் தீர்ந்த பிறகும் அப்படியேதான் இருக்கும்.

சென்னையின் தெற்குப் புறநகரை ஒரு நகரத்தின் விளிம்பாகப் பார்த்தால் அது புரியாது. ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்த ஏரிகளின் தொடராகப் பார்க்க வேண்டும். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கத்துக்கு, அங்கிருந்து நன்மங்கலத்துக்கு, பிறகு கீழ்க்கட்டளைக்கு, நாராயணபுரத்துக்கு, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புக்கு என்று தண்ணீர் இறங்கும். சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். ஒவ்வொரு ஏரிக்கும் கரை, மதகு, கலங்கல், உபரிநீர் ஓடும் கால்வாய் உண்டு. பயிர் செய்வதற்காக வெட்டிய அமைப்பு இது. பயிர் நின்று போனது, மழை நிற்கவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு 2022-ல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது அந்தப் பட்டியலுக்குள் வந்த பரப்பு சுமார் 1,250 ஹெக்டேர். ஒரு காலத்தில் அது பல மடங்கு பெரியதாக இருந்தது. மீதி, சாலையாகவும் குப்பைக் கிடங்காகவும் குடியிருப்பாகவும் ஆகிவிட்டது. முன்பு அங்கே தங்கிய தண்ணீர் இன்று தங்குவதற்கு இடம் தேடி வீதிக்கு வருகிறது.

தான் பார்க்கும் இடம் இப்படித் தண்ணீர் தேடி வரும் இடமா என்பதை வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய வருவாய்த் துறைப் பதிவுகள் இதற்கு வியக்கத்தக்க அளவில் உதவும். ஏரிப் பாசனம் பெற்ற நிலத்தை நஞ்சை என்றும், மழையை நம்பிய மேட்டு நிலத்தைப் புஞ்சை என்றும் வரி போடுவதற்காகப் பிரித்து எழுதி வைத்தார்கள். மதகைத் திறந்தால் தண்ணீர் தானாகப் பாய்ந்து போகும் இடம்தான் நஞ்சை. அதாவது சுற்று வட்டாரத்தில் தாழ்ந்த நிலம் எது என்பதை, இன்றைய பொறியாளரின் கருவி எதுவும் இல்லாமல், விவசாயிகளின் அனுபவமே அளந்து வைத்திருக்கிறது. கட்டுநரின் மூலப்பத்திரத்தில் நஞ்சை என்று இருந்தால் அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். புறநகரில் ஏராளமான வீடுகள் அப்படித்தான் எழுந்திருக்கின்றன, அவற்றில் பல எந்தத் தொல்லையும் இல்லாமல் இருக்கின்றன. ஆனால் நஞ்சை என்று கண்டால் அடுத்த கேள்வி கட்டாயம்: இந்த நிலத்துக்குப் பாய்ந்த வாய்க்கால் இப்போது எங்கே? உயிரோடு இருந்தால் மழைநீர் அதன் வழியே போகும். மூடிவிட்டார்கள் என்றால், மழைநீர் பழைய பாதையை மறந்திருக்காது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிய ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்போது வந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட 29,000 கன அடியைத்தான் சொல்வார்கள். சைதாப்பேட்டைக்கும் ஜாபர்கான்பேட்டைக்கும் அது பொருந்தும். முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு அது காரணமாக முடியாது, ஏனென்றால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே, அதாவது முடிச்சூரைத் தாண்டிக் கீழே. முடிச்சூருக்கு வந்த தண்ணீர் ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். இந்த வித்தியாசம் வாங்குபவருக்கு ஏன் முக்கியம்? செம்பரம்பாக்கம் ஏரியை ஒழுங்காக நிர்வகித்திருந்தால் எதுவும் நடந்திருக்காது என்று நினைப்பவர், அந்த வெள்ளத்தை ஒரு முறை நடந்த விபத்தாக எடுத்துக்கொண்டு மறந்துவிடுவார். அது நிலத்தின் அமைப்பால் வந்தது என்று தெரிந்தவர், மறுபடியும் வரும் என்று எதிர்பார்ப்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் மறுபடி படகு போனது.

வெள்ளம் வரும் இடத்திலாவது கோடையில் தண்ணீர் இருக்குமா என்றால், பெரும்பாலும் அதுவும் இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. பல்லாவரம், தாம்பரம் பக்கம் கீழே கடினப் பாறை. போர் போட்டால் பாறை இடுக்கில் உள்ள தண்ணீர் மட்டுமே கிடைக்கும், அதை ஊற வைப்பது பக்கத்து ஏரி. கடலோர மணல் திட்டில் நல்ல தண்ணீர் உண்டு, ஆனால் அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்பு ஏறும். குழாய்த் தண்ணீர் எட்டாத இடங்களில் மிச்சம் இருப்பது லாரிதான். அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். நூறு வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 54,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரி ஒன்று தினமும் நான்கரை நடை வர வேண்டும். அந்த வட்டாரத்தில் ஒரு லோடு என்ன விலை என்று கேட்டு, நான்கரையால் பெருக்கி, நூறால் வகுத்து, முப்பதால் பெருக்கினால், விற்பனைப் பிரதிநிதி சொல்லாத ஒரு மாதத் தவணை கிடைக்கும். வங்கித் தவணையாவது ஒருநாள் முடியும்.

அரசு அனுமதி கொடுத்திருக்கிறது, வங்கி கடன் கொடுக்கிறது, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு ஆகியிருக்கிறது, பிறகென்ன என்பது வழக்கமாக வரும் மறுப்பு. இந்த மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டியவை, இல்லாத வீட்டின் பக்கமே போகக் கூடாது. ஆனால் ஒவ்வொன்றும் எதற்குப் பொறுப்பேற்கிறது என்று பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் நில உரிமை, திட்ட வரைபடம், ஒப்படைக்கும் தேதி, கட்டுமானக் குறை ஆகியவற்றுக்குக் கட்டுநரைப் பொறுப்பாக்குகிறது. தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்பது அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதி வந்ததாலேயே இடம் சரியானது என்று எடுத்துக்கொள்ளவும் வரலாறு இடம் தரவில்லை. பெருங்குடிக் குப்பைக் கிடங்கைச் சதுப்பில் வைத்தது உள்ளாட்சி அமைப்பு. வீட்டு வசதி வாரியத்தின் முகப்பேர் ஏரித் திட்டம் தன் கதையைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. 2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், பள்ளிக்கரணை ராம்சர் பகுதியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தருவதை நிறுத்தி வைக்கச் சொன்னது. அதற்கு முந்தைய மாதம் அனுமதி பெற்ற கட்டடமும் அதே மண்ணில்தான் நிற்கிறது.

நான் ஐந்தாவது மாடியில் வாங்குகிறேன், எனக்கென்ன என்று சிலர் சொல்வார்கள். ஐந்தாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது, உண்மை. ஆனால் மின்மாற்றி தரையில் இருக்கிறது, ஜெனரேட்டர் தரையில், லிஃப்ட் குழி தரைக்கும் கீழே, குடிநீர் சம்ப் தரைக்குக் கீழே, கழிவுநீர்த் தொட்டி அதற்குப் பக்கத்தில். வெள்ளம் கடைசி இரண்டையும் கலந்துவிட்டால் மேல் மாடி வீட்டில் குடிக்கவும் முடியாது, கழிவறையையும் பயன்படுத்த முடியாது. மின்சாரம் இல்லாத நான்கு நாளில் எண்பது வயதுப் பாட்டியை ஐந்து மாடி இறக்குவது எப்படி என்று வீடு பார்க்கப் போகும்போது யாரும் யோசிப்பதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: எல்லாம் சரியாகிக்கொண்டுதான் வருகிறது, மழைநீர் வடிகால் கட்டுகிறார்கள், மெட்ரோ வருகிறது, இன்று பயந்து விலகினால் நாளை விலை எட்டாது. சில இடங்களில் இது நடக்கும். ஆனால் வடிகால் என்பது பாதையைச் சீராக்கும், பள்ளத்தை மேடாக்காது. கோவளம் வடிநிலத்தில் எத்தனை வடிகால் கட்டினாலும் சதுப்பைச் சுற்றியுள்ள தண்ணீர் ஒக்கியம் மடுவைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும், கடல் ஏற்றத்தில் இருக்கும் நேரம் அதை வாங்கிக்கொள்ளாது. போக்குவரத்து வாக்குறுதிகளைப் பற்றிச் சொல்ல, பறக்கும் ரயில் போதும். 2007-ல் வேளச்சேரி வந்து சேர்ந்தது. அங்கிருந்து பரங்கிமலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். பதினைந்து ஆண்டுகள் கடந்தும் அந்தத் தூரம் முடியவில்லை. அதை நம்பி இருபது வருடக் கடனில் வீடு வாங்கியவரின் தவணைகளில் முக்கால்வாசி அதற்குள் முடிந்திருக்கும். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30-ல் திறந்தபோது அதற்கான ரயில் நிலையம் தயாராக இல்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ வழித்தடத்தில் வேலை நடக்கிறது, அது கட்டாயம் பயன்படும். ஓடுகிற ரயிலுக்குக் கொடுக்கும் விலையை ஓடப் போகிற ரயிலுக்கும் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மிச்சமிருப்பது பணம். மேட்டு நிலத்தில், குடிநீர் வாரியத்தின் மெட்ரோ வாட்டர் வரும் தெருவில் வாங்க எல்லோருக்கும் வசதி இருக்கிறதா? இல்லை. இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே பணத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன. மூன்று படுக்கையறைக்குப் பதில் இரண்டு. நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும் இருக்கும் பெரிய வளாகத்துக்குப் பதில் பன்னிரண்டு வீடு கொண்ட சிறிய கட்டடம். எல்லாவற்றையும்விட, பதினைந்து இருபது வருடம் பழைய வீடு. பழைய வீட்டைக் கேவலமாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது தவறு. மாடி குறைவான பழைய கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் சேரும் பிரிபடாத நிலப் பங்கு பொதுவாக அதிகம். கட்டடத்தின் மதிப்பு வருடா வருடம் குறையும், கூடுவது நிலத்தின் மதிப்பு மட்டுமே, இடித்துக் கட்டும்போது பேரம் பேசுவதும் அந்தப் பங்கை வைத்துத்தான். அதோடு, 2015, 2019, 2023 மூன்றையும் கடந்து நிற்கும் கட்டடம் தன் தேர்வை எழுதி முடித்துவிட்டது, அதன் மதிப்பெண்ணைப் பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். புதுக் கோபுரத்துக்கு அந்தச் சான்று கிடையாது. ஒரே பகுதிக்குள்ளேயே தெருவுக்குத் தெரு நிலைமை மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேளச்சேரி என்றாலே ஓட வேண்டியதில்லை, அங்கே கால் நனையாத தெருக்களும் உண்டு. நல்ல பெயர் எடுத்த பகுதியிலும் ஒரு பள்ளம் இருக்கும்.

விசாரிப்பதற்குப் பெரிய செலவில்லை. சர்வே எண் தெரிந்தால் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் அரசின் இணையதளத்தில் பார்க்கலாம், கிராம வரைபடத்தில் ஏரியும் ஓடையும் எந்த எண்ணில் இருக்கின்றன என்று ஒப்பிடலாம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்தினால் இன்றைய வளாகம் இருக்கும் இடத்தில் அன்று வயலா, முட்புதரா, தண்ணீரா என்று தெரிந்துவிடும். தெருவில் இறங்கினால் சுற்றுச்சுவரின் தண்ணீர்க் கோடு, வாசலில் புதிதாகக் கட்டிய தடுப்பு, மேடையில் தூக்கி வைத்த மின்மாற்றி என்று வெள்ளத்தின் தடங்கள் கண்ணில் படும். தரகரை விட இஸ்திரி வண்டிக்காரர் நம்பகமானவர். “2015-ல எவ்ளோ தண்ணி வந்துச்சுண்ணே, எத்தனை நாள் நின்னுச்சு?” என்று கேட்டால் எந்த வீட்டு வாசற்படி வரை என்று கை காட்டுவார்.

பலர் தை, மாசியில் வீடு பார்த்து முன்பணம் கொடுக்கிறார்கள். மழை ஓய்ந்து தெரு காய்ந்திருக்கும், ஏரியில் தண்ணீர் இருப்பதால் லாரிகளும் வந்திருக்காது. புறநகர் தன் இரண்டு குறைகளையும் மறைத்து வைக்கும் பருவம் அது. ஒரு நவம்பரையும் ஒரு மேயையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது. அதற்குள் சதுர அடிக்கு இருநூறு ரூபாய் ஏறிவிடும் என்று கட்டுநர் சொல்லுவார், ஏறவும் செய்யலாம். ஆயிரம் சதுர அடிக்கு அது இரண்டு லட்சம். வெள்ளத்தில் மூழ்கிய ஒரு காரைச் சரிசெய்யும் செலவோடும் சில கோடைகளின் லாரி பில்லோடும் ஒப்பிட்டு, அது அதிகமா குறைவா என்று வாங்குபவரே முடிவு செய்துகொள்ளலாம்.