பனியாறு திருப்பித் தரும் விமானம்

ஏர் இந்தியா தன் போயிங் 707 விமானங்களுக்கு இமயச் சிகரங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தது. நந்தாதேவி, கௌரிசங்கர் என்று தொடங்கிய அந்த வரிசையில் 1961-ல் வந்து சேர்ந்தது ‘கஞ்சன்ஜங்கா’, பதிவெண் விடி-டிஎம்என். அதற்கு மறு ஆண்டே அந்நிறுவனம் பழைய விமானங்களை ஓரங்கட்டிவிட்டு முழுக்க ஜெட் விமானங்களுக்கு மாறியது. கண்டம் விட்டுக் கண்டம் போகும் பயணங்களின் பாரத்தைச் சுமந்தவை இந்த 707-கள்தாம். கஞ்சன்ஜங்கா ஐந்தாண்டுகூட நிறைவதற்குள் 16,000 மணி நேரத்துக்கு மேல் பறந்துவிட்டது. சராசரியாக நாளுக்கு ஒன்பது மணி நேரம்! ஒரு விமானத்திடம் இதைவிட அதிகமாக என்ன உழைப்பை எதிர்பார்க்க முடியும்?

அந்த உழைப்புக்கு உயிர் கொடுத்தவை நான்கு ரோல்ஸ்ராய்ஸ் கான்வே எஞ்சின்கள். அதற்கு முந்தைய ஜெட் எஞ்சின்களில் உள்ளே புகும் காற்று முழுவதும் எரிபொருள் எரியும் அறை வழியாகவே போகும். கான்வேயில் ஒரு பகுதிக் காற்று எரியாமல் சுற்றுப்பாதையில் சென்று வெளியேறும். எரிபொருள் மிச்சமாகும், இரைச்சலும் கொஞ்சம் தணியும். இன்று நாம் ஏறும் விமானங்களின் பெரிய விசிறி எஞ்சின்களுக்கெல்லாம் முன்னோடி இந்த ஏற்பாடுதான்.

1966 ஜனவரி 24 காலை, பம்பாயிலிருந்து டெல்லி, பெய்ரூட் வழியாக லண்டன் செல்லும் கஞ்சன்ஜங்கா ஜெனீவாவில் இறங்கத் தயாரானது. உள்ளே 117 பேர். வியன்னாவில் நடக்கவிருந்த அணுசக்திக் கூட்டத்துக்குப் புறப்பட்ட இந்திய அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் அவர்களில் ஒருவர். அந்தக் காலத்தில் விமானிக்கு இடம் காட்டியவை தரையிலிருந்த வானொலி நிலையங்கள். ஒரு நிலையத்தின் குறிப்பு ஒரு கோட்டை மட்டுமே தரும். இன்னொரு நிலையத்தின் கோடு அதை வெட்டும் இடத்தில்தான் விமானம் இருக்கிறது. இதற்காகவே இரண்டு ஏற்பிகள் வைத்திருப்பார்கள். அன்று கஞ்சன்ஜங்காவில் ஒன்று பழுதாகியிருந்தது.

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங் சிகரத்தைக் கடந்துவிட்டதாக விமானி நினைத்தார். ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளருக்கு அது தவறென்று தெரிந்தது; சிகரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லித் திருத்தவும் முயன்றார். அந்தச் சொற்கள் சரியான பொருளில் போய்ச் சேரவில்லை. விமானம் தொடர்ந்து இறங்கி, சுமார் 4,750 மீட்டர் உயரத்தில், உச்சிக்குச் சற்றே கீழே, மலையில் மோதியது. எவரும் பிழைக்கவில்லை. பாபா அதில் இருந்ததால் சதிக் கதைகள் இன்றும் உலவுகின்றன. பழுதான கருவியும் பிசகிய சொற்களும் போதும் என்றே எனக்குப் படுகிறது. இறந்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை, நடந்ததை நடந்தபடி புரிந்துகொள்வது.

இதே மலையில் 1950 நவம்பரில் ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ விமானம் 48 பேருடன் மோதி அழிந்திருந்தது. இரண்டின் சிதறல்களையும் பொஸ்ஸோன் என்னும் பனியாறு வாங்கிக்கொண்டது.

பனியாறு உறைந்து நிற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் சேரும் பனி தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகி, சரிவில் மெல்ல வழிகிறது. அடியில் உருகும் நீர் அதை வழுக்கவும் விடுகிறது. உச்சியருகே விழுந்த பொருளை அடுத்தடுத்த பனிப்பொழிவுகள் மூடி ஆழத்துக்கு அனுப்புகின்றன. கீழே, உருகும் பகுதிக்கு வந்ததும் மேலிருக்கும் பனி கரையக் கரைய அது வெளிச்சத்துக்கு வருகிறது. பொஸ்ஸோன் மிகச் செங்குத்தானது என்பதால் இந்தப் பயணம் சில பத்தாண்டுகளிலேயே முடிந்துவிடுகிறது. கடந்த நூற்றாண்டில் அதன் நுனி ஏறத்தாழ நம் கொல்லிமலையின் உயரம் வரை, 1,300 மீட்டர் அளவுக்கு, இறங்கி வந்திருந்தது. நமக்கு மிளகும் அன்னாசியும் விளையும் உயரம்! நிலநடுக்கோட்டிலிருந்து விலகும் தூரம் ஒரே உயரத்தின் தட்பவெப்பத்தை எப்படி மாற்றிவிடுகிறது பாருங்கள். இப்போது புவி வெப்பமாவதால் அந்த நுனி மலைமேல் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவை இன்னும் வேகமாக வெளிவருகின்றன.

2012-ல் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் தபால் பை ஒன்று கிடைத்தது. 2017-ல் மனித எச்சங்கள் கிடைத்தன. 2020 கோடையில் அங்கே உணவகம் நடத்துபவர் ஒருவர் ஈரமான இந்திய நாளிதழ்களைக் கண்டெடுத்துக் காயவைத்தார். முதல் பக்கத்தில் இந்திரா காந்தி பிரதமராகத் தேர்வான செய்தி. 54 ஆண்டுகள் பனிக்கட்டிக்குள் கிடந்தும் எழுத்துகள் வாசிக்கும்படி இருந்தன. குளிரும் காற்றில்லாமையும் காகிதத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை அண்டவிடவில்லை.

2013-ல் அதே பனியாற்றில் மலையேறும் இளைஞர் ஒருவர் கண்ட உலோகப் பெட்டியில் மரகதம், மாணிக்கம், நீலம் என்று கற்கள் நிறைந்திருந்தன. சில பொட்டலங்களில் இந்தியத் தயாரிப்பு என்ற முத்திரை. அவர் நேராகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். எட்டு ஆண்டுகளாகியும் உரியவர்கள் கிடைக்காததால், 2021-ல் பிரெஞ்சுச் சட்டப்படி கற்களில் பாதி அவருக்கும் பாதி மலையடிவாரத்து ஷமொனி நகராட்சிக்கும் போய்ச் சேர்ந்தன. நகராட்சியின் பங்கை அவ்வூர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள்.