ஏலக்காய்க்கு ஆறு பங்காளிகள்

விடியுமுன் போடியிலிருந்து கிளம்பும் ஜீப்புகள் போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் தேனி மாவட்டத்துத் தொழிலாளர்களை இறக்கிவிடுகின்றன. அங்கே ஸ்டோரில் உலர்ந்த காய் அதே மலைப்பாதையில் இறங்கி, போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு விற்பனைக்கு வருகிறது. தோட்ட முதலாளி, காய் எடுக்கும் பெண்கள், தரம் பிரிப்பவர்கள், வியாபாரிகள், ஜீப் ஓட்டுநர் என்று இத்தனை பேரின் பிழைப்பும் எலெட்டேரியா கார்டமோமம் என்ற ஒரே தாவர இனத்தின் மேல் நிற்கிறது. அந்த இனத்துக்கு நெருங்கிய உறவுகள் ஆறு உண்டு என்று 2024-ல் தாவரவியலாளர்கள் அறிவித்தார்கள். நான்கு ஏற்கெனவே அறியப்பட்டவை. வேறொரு பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. இரண்டு முற்றிலும் புதியவை. செய்தி ஒரு நாள் வந்து போனது. ஏலத் தோட்டத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை இன்னும் கொஞ்சம் நேரம் கையில் வைத்திருந்திருக்கலாம்.

இந்த வகைப்பாட்டின் கதை நேராக நடந்ததல்ல. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்து, 1678-க்கும் 1693-க்கும் இடையில் வெளியான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' மலையாள நாட்டு வழக்குப் பெயரோடு ஏலத்தைப் பதிவு செய்தது. 1753-ல் லின்னேயஸ் அதை அமோமம் என்ற பேரினத்தில் சேர்த்தார். 1811-ல் மேட்டன் அதைப் பிரித்து எலெட்டேரியா என்று தனிப் பேரினமாக்கினார். பிற்காலத்தில் போர்னியோ, சுமத்ரா, மலாய்ப் பகுதிகளின் இஞ்சிக் குடும்பச் செடிகள் சிலவும் இதற்குள் வந்து சேர்ந்தன. பூங்கொத்து தரையையொட்டி ஓடும் தோற்றம் ஒத்திருந்ததுதான் காரணம். டிஎன்ஏ ஒப்பீடு அந்த உறவை உடைத்தது. 2018-ல் அவை சுலெட்டேரியா என்ற தனிப் பேரினமாயின. அதுவரை கடல் கடந்து தேடிய சொந்தம் பக்கத்து மலையிலேயே இருந்தது என்பது 2024 ஆய்வின் சாரம். சிங்கப்பூர், கேரள ஆய்வாளர்கள் உள்ளிட்ட பன்னாட்டுக் குழு 'டாக்ஸான்' ஆய்விதழில் வெளியிட்ட முடிவின்படி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் உரிய அந்த ஆறு செடிகளும் ஏலமும் ஒரே கிளை. புதிய இரண்டில் எலெட்டேரியா ஃபாசிஃபெரா பெரியாறு புலிகள் காப்பகத்திலும், எலெட்டேரியா டுலிபிஃபெரா அகத்தியமலையிலும் மூணாற்றுப் பக்கத்திலும் கிடைத்தவை.

ஆய்வாளர்களுக்கு வேறு வேலையில்லை, பெயரை மாற்றி மாற்றி எழுதுகிறார்கள் என்று ஒரு முணுமுணுப்பு எப்போதும் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே செடி நான்கு பெயரில் நான்கு ஆவணங்களில் கிடந்தால் வனத்துறைக்காரர் என்ன செய்வார்? ஆனால் இங்கே நடந்ததைப் பாருங்கள். பேராதனைத் தாவரவியல் தோட்டத்தை நடத்திய த்வெய்ட்ஸ், இலங்கையின் இந்தச் செடிகளில் சிலவற்றை 19ஆம் நூற்றாண்டிலேயே எலெட்டேரியா என்றுதான் எழுதினார். பின்வந்தவர்கள் அவற்றை ஆல்பீனியாவுக்கு மாற்றினார்கள். இருநூறுக்கு மேற்பட்ட இனங்களை அடக்கிய ஆல்பீனியாவோ ஒரே மூதாதையிடமிருந்து வந்த குடும்பமே அல்ல, தனித்தனி ஆறு கிளைகளின் கூட்டம் என்று 2005-ல் மரபணு ஆய்வு காட்டியது. ஒரு பேரினம் என்றால் ஒரு மூதாதையும் அதன் வாரிசுகள் அனைத்தும் என்பது இன்றைய வகைப்பாட்டின் விதி. அந்த விதியைப் பிடித்தால் பெயர் மாற்றம் தவிர்க்க முடியாதது. இருநூறில் ஒன்றாக இருந்தவரை அந்தக் காட்டு இஞ்சிகளை யாரும் பொருட்படுத்தவில்லை. ஏலக்காயின் ஆறு பங்காளிகளில் ஒன்று என்றானதும் அவற்றைத் தேடவும் எண்ணவும் காக்கவும் காரணம் கிடைக்கிறது.

அந்தக் காரணம் எவ்வளவு அவசரமானது என்பது தோட்டத்துக்குள் தெரியும். பூச்சரம் தரையில் படர்ந்தால் மலபார், நிமிர்ந்து நின்றால் மைசூர், இரண்டுக்கும் நடுவில் சாய்ந்தால் வழுக்கை என்று மூன்று வகைகளை விவசாயிகள் பிரித்தறிந்தார்கள். ஏலப்பூவுக்கு மகரந்தம் கொண்டுவருவது தேனீ. அதனால் விதையிலிருந்து முளைக்கும் ஒவ்வொரு கன்றும் கொஞ்சம் வேறுபடும். இந்த வேறுபாட்டிலிருந்துதான் இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் அதிகம் காய்க்கும் ஒரு செடியைக் கண்டெடுத்துத் தட்டை (பக்கக் கன்று) பிரித்துப் பெருக்கினார். அதுவே ஞள்ளானி. விளைச்சலில் அதன் வெற்றி மறுக்க முடியாதது, அதனால்தான் மலையெங்கும் பரவியது. ஆனால் தட்டை பிரித்து நட்ட செடி தாயின் அச்சு நகல். எந்த வேறுபாட்டிலிருந்து ஞள்ளானி பிறந்ததோ அந்த வேறுபாட்டையே அது தோட்டத்திலிருந்து வெளியேற்றிவிட்டது. பரிணாமம் வேலை செய்யத் தேவையான கச்சாப்பொருள் அங்கே இப்போது குறைவு. அசுவினி பரப்பும் கட்டே வைரஸுக்கும், மழைக்கால அழுகலுக்கும், 2024 கோடையில் இடுக்கித் தோட்டங்களைக் கருக்கியது போன்ற வறட்சிக்கும் நகல்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் பதில் சொல்லும். கட்டேயைத் தாங்கும் 'விஜேதா' ரகம் எங்கிருந்து வந்தது? நோய் புகுந்த தோட்டங்களில் தப்பி நின்ற செடிகளிலிருந்து. எல்லாம் ஒரே நகலாக இருந்திருந்தால் தப்பி நிற்க எதுவும் இருந்திருக்காது.

இதற்காகத்தானே மரபணு வங்கி இருக்கிறது என்று கேட்கலாம். மைலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் குடகில் அப்பங்களா மையமும் பல வகைகளை வளர்த்துக் காக்கின்றன. அவற்றின் பணி பெரியது. ஆனால் ஏல விதை நெல் போல உலர்த்திக் குளிரில் பல ஆண்டுகள் வைக்கக்கூடியதல்ல, சீக்கிரம் முளைப்புத்திறன் போய்விடும். எனவே சேகரிப்பு பெரும்பாலும் நிலத்தில் நிற்கும் செடிகளாக இருக்கிறது, தோட்டத்தைத் தாக்கும் வைரஸ் அங்கேயும் வரும். தவிர, வங்கியில் நிற்கும் செடி சேகரித்த நாளில் இருந்த செடிதான்; காட்டில் நிற்பதோ ஒவ்வொரு தலைமுறையும் புதிய வெயிலோடும் புதிய பூச்சியோடும் மோதிக்கொண்டிருக்கிறது. அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது: வேறு இனம் பயிருக்கு எப்படி உதவும்? கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கிய கரும்பு இன விருத்தி நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் சாறு நிறைந்த வெள்ளைக் கரும்பை, சர்க்கரை மிகக் குறைந்த காட்டு இனத்தோடு கலந்தார்கள். 1918-ல் வெளியான கோ 205 வட இந்தியக் கரும்பு வயல்களை மாற்றியது. ஏலத்திலும் இது நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அந்தக் காட்டுக் கரும்பை உறவினமென்று அடையாளம் காணாமலோ அழியவிட்டோ இருந்தால், கலந்து பார்க்கும் வாய்ப்பே இருந்திருக்காது.

ஆகவே கேள்வி நிலத்துக்கு வருகிறது. பெரியாறு காப்பகத்துக்குள் இருக்கும் இனம் அதன் வேலியால் பிழைக்கும். போடிமெட்டுக்கு அருகே ஆக்கிரமித்து ஏலம் நட்டிருந்த காட்டை மீட்டு 2003-ல் அறிவித்த மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 12.82 சதுர கிலோமீட்டர்தான். மற்றபடி சுற்றிலும் இருப்பது ஏலமலைக் காப்பு நிலம்: நிலத்துக்கு வருவாய்த்துறையும் மரத்துக்கு வனத்துறையும் பொறுப்பு என்ற இரட்டை ஆட்சி, 1897-ன் திருவிதாங்கூர் அறிவிக்கை எவ்வளவு பரப்பைக் குறித்தது என்ற வழக்கு, புதிய பட்டா கூடாதென்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இட்ட தடை. இதற்கு நடுவே நிழல்மரம் குறைத்து, பூச்சிமருந்து கூட்டி, அதிக விளைச்சலுக்கு ஓடும் சிறு விவசாயியிடம் காட்டு ஏலத்துக்காக விட்டுக்கொடு என்று சும்மா சொன்னால் கேட்கமாட்டார், கேட்கவேண்டியதும் இல்லை. 2001-ன் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பயிரின் காட்டு உறவினங்களைக் காக்கும் விவசாயிகளுக்கும் சமூகங்களுக்கும் தேசிய மரபணு நிதியிலிருந்து வெகுமதி தர இடம் கொடுக்கிறது. சோலையோரத் தோட்டத்தில் பழைய நிழல்மரங்களையும், விதைக்கன்று ஏலத்தையும், ஓடைக்கரைக் காட்டு இஞ்சியையும் விட்டுவைத்திருப்பவரை அந்த நிதியோடு சேர்க்கும் வேலையை ஸ்பைசஸ் போர்டு எடுத்துக்கொள்ளலாம். யார் எவ்வளவு காய் விற்றார் என்ற கணக்கு ஏற்கெனவே அதன் கையில் இருக்கிறது.