ஆராய்ச்சிப் பணம் வயலுக்கு வரும் வழி

சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளியைக் குச்சிக் கிழங்கு என்போம். கிழங்கு விளைந்தால்தான் ஜவ்வரிசி ஆலைகளில் அரைவை நடைபெறும். பலருக்குக் கூலியும் கிடைக்கும். 2020-ஆம் ஆண்டு கேரளத்தில் முதன்முதலாகக் காணப்பெற்ற புதிய மாவுப்பூச்சி ஒன்று விரைவில் நம் தோட்டங்களிலும் புகுந்தது. குருத்துச் சுருண்டு, கணுக்கள் குறுகி, கிழங்கு பருக்காமல் நின்றது. இதற்கு மாற்றுத் தேட எவர் பணம் கொடுத்தார், எம்முறையில் கொடுத்தார் என்பதைக் கிராமத்தார் அறிந்திருத்தல் நலம்.

விவசாய ஆராய்ச்சிக்குப் பணம் பகிர்ந்தளிக்கும் தேசிய அமைப்பு, 1929-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகமாகும். மத்திய விவசாய அமைச்சர் இதன் தலைவர். பார்லிமெண்டு ஆண்டுதோறும் அனுமதிக்கும் தொகையே இதற்கு முக்கிய ஆதாரம். அதில் பெரும்பகுதி சம்பளத்திற்கும் ஓய்வூதியத்திற்கும் சென்றுவிடுவதால், எஞ்சிய தொகையைத் தேவையறிந்து பங்கிட வேண்டியதாகிறது.

பங்கீடு நான்கு வகைப்படும். முதலாவது, கழகத்தின் சொந்த நிலையங்களுக்கு நேரே வழங்குவது. 1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இவ்வகை. இரண்டாவது, அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டங்கள். இவற்றில் மாநில விவசாயப் பல்கலைக்கழகங்களுக்கு ஆகும் செலவில் நூற்றுக்கு 75 பங்கைக் கழகமும், 25 பங்கை மாநிலமும் ஏற்கின்றன. கிழங்குப் பயிர்த் திட்டம் 1968-இல் தொடங்கியது. மூன்றாவது, விஞ்ஞானிகள் போட்டியிட்டு விண்ணப்பித்து, வல்லுநர் பரிசீலனைக்குப் பின் பெறும் நிதி. நான்காவது, சேலத்தில் சந்தியூரிலும், நாமக்கல்லிலும் உள்ளவை போன்ற வேளாண்மை அறிவியல் நிலையங்களுக்கு உதவுவது.

மாவுப்பூச்சிக்கு மாற்று இவ்வழியிலேயே வந்தது. இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை அழித்தபோது, தென் அமெரிக்காவில் கண்டெடுத்த சிறு குளவி ஒன்று 1981 முதல் அங்கு விடப்பெற்றுப் பயிரைக் காத்தது. அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுள் முட்டையிடும். வெளிவரும் புழு பூச்சியைத் தின்று தீர்க்கும். கழகத்தைச் சேர்ந்த பெங்களூர்ப் பூச்சி வள ஆராய்ச்சி நிறுவனம் ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து அதனைத் தருவித்துச் சோதித்தது. 2022 மார்ச் 7 அன்று நமது ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் குளவி வயலில் விடப்பெற்றது. பின்னர் அது பெருக்கப்பட்டு விவசாயிகளுக்கும் வழங்கப்பெற்றது. குளவி விட்ட வயலில் கடுமையான மருந்தைத் தெளித்தால் அக்குளவியும் மடியும் என்பதை மறத்தலாகாது.

பணம் மேலிருந்து இறங்கி வருகிறது. தேவையோ கீழிருந்து ஏறிச் செல்ல வேண்டும். வேளாண்மை அறிவியல் நிலையம் ஒவ்வொன்றிற்கும் ஒரு விஞ்ஞான ஆலோசனைக் குழு உண்டு; அதில் விவசாயப் பிரதிநிதிகளும் அமர்கின்றனர். நிலையம் அடுத்து மேற்கொள்ள வேண்டிய வேலையை அங்கே விவாதிக்கின்றனர். "பயிர் போயிற்று" என்று டீக்கடையில் சொல்லும் குறை அக்குழுவை எட்டாது. எந்தக் கிராமம், எந்த ரகம், எத்தனை ஏக்கர், எந்த மாதத்தில் நோய் கண்டது என்பனவற்றைக் குறித்து, கிராம சபையில் தீர்மானமாக்கி, நிலையத்திற்கும் விவசாய அலுவலருக்கும் அனுப்புதல் வேண்டும். நோயுற்ற செடியின் மாதிரியையும் காலந்தாழ்த்தாது நிலையத்தில் காட்டுதல் வேண்டும்.

ஆராய்ச்சிக்குச் செலவாகும் பணம் மக்கள் வரிப்பணமே. நம் வயலின் தேவையை உரிய இடத்தில் எடுத்துரைப்பது நமது உரிமையும் கடமையுமாகும்.