ஒரு சாயம், இரண்டு சட்டம்

பனியன் துணியில் ஏறிய சாயம் கப்பலேறிப் போகிறது. ஏறாத சாயம் நம்ம ஊரிலேயே தங்கிவிடுகிறது. இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு என்பது டிப்ளமோ சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இருபது வருஷம் சாயத்தொட்டியில் நின்ற அப்பாவுக்கும் தெரியாது.

முதலில் ஏறிய சாயம். ‘அசோ’ சாயத்தில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும். சில அசோ சாயங்களில் அந்தப் பிணைப்பு அறுந்தால் பென்சிடின் போன்ற அமின்கள் வெளிவரும். பென்சிடின் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்கும். (எல்லா அசோவும் கெட்டதல்ல, நாம் தினமும் போடும் ரியாக்டிவ் சாயங்களில் பலவும் அசோதான்.) 1994-ல் ஜெர்மனி இவற்றுக்குத் தடை கொண்டுவந்தது. பென்சிடின் வகைச் சாயங்கள் 42-க்கு இங்கேயும் தடை இருந்தது. 1997 மார்ச்சில், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மேலும் 70 அசோ சாயங்களைத் தடை செய்தார்கள். ஐரோப்பாவில் இன்றைக்கு ஒரு கிலோ துணியில் இத்தகைய அமின் ஒவ்வொன்றும் 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சோதனைதான் வேடிக்கை: நம்ம பட்டறையில் போடும் அதே ஹைட்ரோஸைப் போட்டுத்தான் லேபிலும் பிணைப்பை அறுக்கிறார்கள்!

தேறாவிட்டால் ஆர்டர் போச்சு. அதனால் இந்தச் சட்டத்துக்கு எல்லோரும் பயந்தார்கள்.

ஏறாத சாயத்துக்கு அப்படி ஒரு பையர் இல்லை. உப்பும் சாயமும் நொய்யலில் இறங்கின. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவுதான் தேங்கியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடுவதில்லை என்று நிரூபித்தவர்களுக்குத்தான் திரும்பத் திறக்க அனுமதி.

சரி, தண்ணீரைச் சுத்தம் செய்தால் அழுக்கு எங்கே போகும்? அடியில் ஸ்லட்ஜாகத் தங்கும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சாக்கில் சீட்டு ஒட்டி, சேமித்த தேதி எழுத வேண்டும். லாரியில் ஏற்றினால் ஏழு நிறத்தில் ஏழு படிகள். வெள்ளை மாசுக் கட்டுப்பாடு வாரியத்துக்கு, மஞ்சள் பட்டறைக்கு. சிமெண்ட் ஆலைச் சூளையில் எரிக்கவும் அனுப்பலாம்.

இதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். “மண்ணு மாதிரிதானே கண்ணு இருக்குது, இதுக்கு ஏழு பேப்பரா?”

நான் டிரெய்னிங் போன பட்டறையில் பில், சாம்பிள் பைலெல்லாம் வரிசையாக இருந்தன. பின்னால் கொட்டகையில் சாக்குகள் மழையில் நனைந்து, பழுப்புத் தண்ணீர் சந்துக்கு ஓடியது. அடுத்த வருடம் டிரெய்னிங் போகும் நண்பர்களே, அந்தச் சீட்டில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த சாக்கில் இல்லை. 90 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். “நீ படிக்கற வேலையப் பாரு தம்பி” என்றார்.