வலிக்க வைத்து வலியைக் குறைக்கும் அலை

குதிகால் வலிக்கு அதிர்வலைச் சிகிச்சை எடுப்பவர்கள் முதல் சில நிமிடங்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படுத்திருப்பார்கள். மரத்துப்போக ஓர் ஊசி போட்டுவிட்டுச் செய்யலாமே என்று யாருக்கும் தோன்றும். அந்த ஊசி சிகிச்சையின் பலனையே குறைத்துவிடுகிறது.

இந்த அலை முதலில் உடைத்தது சிறுநீரகக் கல்லை. ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனத்தில், அதிவேக விமானத்தின் மீது மழைத்துளி மோதினால் உலோகம் ஏன் சேதமாகிறது என்று ஆராய்ந்ததில் பிறந்த கருவி அது. 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. பிறகு எலும்பியல் மருத்துவர்கள் குறைந்த ஆற்றலில் அதைத் தசைநாண்களுக்குக் கொண்டுவந்தார்கள். உடலுக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. பாய்வது அழுத்தம் மட்டுமே. பிசியோதெரபி மையங்களில் அதிகம் காணப்படும் கருவியில், அழுத்தப்பட்ட காற்று ஒரு சிறு உலோகக் குண்டைத் தள்ளி, தோல்மேல் வைத்த முனையில் மோதவிடுகிறது. ஒரே அமர்வில் இரண்டாயிரம் அடிகள் வரை விழும்.

அத்தனை அடியும் வாங்கிய இடத்தில் வலியுணர்வு முதலில் கூடத்தான் செய்கிறது. ஆரோக்கியமானவர்களின் தோலில் சோதித்தபோது, அலை பட்ட இடத்தை லேசாக அழுத்தினாலே வலித்தது. அடிகள் கூடக்கூட அந்தக் கூச்சமும் கூடியது. மரப்பு மருந்து கொடுத்த இடத்தில் இந்த மாற்றம் தடைபட்டது. வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகள் தூண்டப்பட்டால்தான் அடுத்தடுத்த மாற்றங்கள் நடக்கின்றன என்பதற்கு இது முக்கியமான தடயம். முயல்களின் தொடை எலும்பில் அலையைச் செலுத்தியபோது, வலிச் செய்தியோடு தொடர்புடைய ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற வேதிப்பொருள் முதல் நாளில் பெருகியது; ஆறு வாரத்தில் குறைந்திருந்தது. ஜப்பானில் எலிகளின் தோலில் செய்த ஆய்வுகளில், அலை பட்ட நரம்பு நுனிகள் சிதைந்து பின்னர் மெல்ல வளர்ந்தன. இரண்டாம் முறை அலை பட்டபோது அந்த வளர்ச்சி இன்னும் தாமதப்பட்டது. வார இடைவெளியில் மூன்று அமர்வு என்ற வழக்கத்துக்கு இது பொருந்தி வருகிறது. விலங்கில் கண்டது மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது.

மனிதரில் செய்த சோதனைகள் முரண்பட்டே வந்தன. 2003இல் ஜெர்மனியில் 272 பேரிடம் மரப்பு ஊசியோடு செய்த குதிகால் வலி ஆய்வில் உண்மை அலைக்கும் போலிச் சிகிச்சைக்கும் வித்தியாசமே இல்லை. மரப்பு ஊசி இல்லாமல் 250 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான அமெரிக்க ஆய்விலோ, வலி 69 சதவீதம் குறைந்தது. போலிச் சிகிச்சையில் 34.5. ஊசி மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, கருவிகளும் அளவுகளும் வேறு. அந்த 34.5ஐயும் மறந்துவிடக் கூடாது. காலமும் நம்பிக்கையும் ஓய்வும் சேர்ந்தே கணிசமான வலியைக் குறைக்கின்றன என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்வதுதான் நேர்மை.

ஊசி வேண்டாம் என்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. கருவியின் முனையை நகர்த்தும்போது ‘இங்கேதான்’ என்று நோயாளி காட்டும் புள்ளியில்தான் அலையைச் செலுத்த வேண்டும். மரத்துப்போன காலால் அதைச் சொல்ல முடியாது. கர்ப்பிணியின் வயிற்றுப் பக்கமும், நுரையீரல் இருக்கும் மார்புப் பகுதியிலும், புற்றுக்கட்டி உள்ள இடத்திலும் இந்த அலை படக் கூடாது. பலன் தெரியப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால், மறுநாளும் வலிக்கிறதே என்று யாரும் பாதியில் நிறுத்திவிட வேண்டியதில்லை.