சிரித்தது சபை! ஜெயித்தது கணக்கு!

வான் இயற்பியல் ஆராய்ச்சி நிலையங்களில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்து யார் பேசப் போகிறார், எதைப் பற்றி, எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். பேச்சு முடிந்ததும் கேள்விகள் பறக்கும். பேசியவர் பதில் சொல்லுவார்.

பதில் சொல்லவே இடம் கிடைக்காத பேச்சு ஒன்றும் உண்டு. பேசியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த தமிழர். அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

கப்பலில் போட்ட கணக்கு

சந்திரசேகர் 1910-ம் ஆண்டு லாகூரில் பிறந்தார். சர் சி. வி. ராமன் இவருக்குச் சித்தப்பா. 1930-ம் ஆண்டு, மேல்படிப்புக்காக இங்கிலாந்து செல்ல பம்பாயில் கப்பல் ஏறினார். அப்போது வயது 19. கடல் பயணத்திலும் இவர் காகிதமும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

எதைப் பற்றிய கணக்கு? நட்சத்திரங்களின் சாவைப் பற்றி!

நட்சத்திரமும் அடுப்பு மாதிரிதான். எரிபொருள் தீர்ந்தால் அணைய வேண்டியதுதான். பிறகு தன் பாரத்தாலேயே அது சுருங்குகிறது. சூரியன் அளவு எடை, பூமி அளவு உருண்டைக்குள் அடங்கிவிடும். இதற்கு "வெள்ளைக் குள்ளன்" என்று பெயர். அதில் ஒரு கரண்டி அள்ளி நிறுத்தால் பல டன் இருக்கும்!

எல்லா நட்சத்திரங்களும் கடைசியில் இப்படிக் குள்ளனாகி ஓய்ந்துவிடும் என்றுதான் அன்று நம்பினார்கள். சந்திரசேகரின் கணக்கு வேறு விதமாகச் சொல்லியது. குள்ளனைத் தாங்குபவை, அதனுள் நெருக்கியடித்துக் கிடக்கும் எலெக்ட்ரான்கள். பாரம் ஏற ஏற அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அவற்றால் தாங்க முடியாது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குதான் எல்லை. அதற்கு மேல் எடை இருந்தால் சுருங்குவது நிற்காது!

லண்டனில் நடந்தது

1935-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி. லண்டனில் ராயல் வானவியல் சங்கத்தின் கூட்டம். 24 வயது சந்திரசேகர் எழுந்து தன் முடிவை விளக்கினார்.

அடுத்து எழுந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். 1919-ம் ஆண்டு சூரிய கிரகணத்தை ஆராய்ந்து, ஐன்ஸ்டீன் சொன்னது சரி என்று காட்டிய மேதை. சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து, கணக்கு எப்படி நடக்கிறது என்று விசாரித்தவரும் அவரே. ஆனால் தன் மறுப்பை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சபையில்தான் சொன்னார்!

ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஏதாவது சட்டம் இருக்கத்தான் வேண்டும் என்றார் எடிங்டன். சபை சிரித்தது. சந்திரசேகருக்குப் பதில் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை.

கணக்கில் பிழை இல்லை என்று பெரிய பௌதிக நிபுணர்கள் அவரிடம் தனியாகச் சொன்னார்கள். வெளிப்படையாகச் சொல்லப் பலரும் தயங்கினார்கள்.

பகை இல்லை

சந்திரசேகர் என்ன செய்தார்? சண்டைக்கு நிற்கவில்லை. 1937-ம் ஆண்டு அமெரிக்கா சென்று சிகாகோ சர்வகலாசாலையில் சேர்ந்தார். தன் முடிவுகளை 1939-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டுவிட்டு, வேறு ஆராய்ச்சியில் இறங்கினார். 1944-ல் எடிங்டன் காலமானபோது, அவருடைய மேதையை மனமாரப் புகழ்ந்து பேசினார்!

காலம் தீர்ப்புச் சொல்லியது. 1967-ம் ஆண்டு, வெள்ளைக் குள்ளனைவிடப் பன்மடங்கு சுருங்கிய நியூட்ரான் நட்சத்திரம் வானில் புலப்பட்டது. அதையும் மிஞ்சிய கருந்துளைகளுக்கும் பிறகு சான்றுகள் கிடைத்தன. 1983-ம் ஆண்டு, 73-வது வயதில் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த எல்லைக்கு இன்று உலகம் முழுவதும் "சந்திரசேகர் வரம்பு" என்று பெயர்.

புனேயில் உள்ள வான் இயற்பியல் ஆராய்ச்சி மையத்தின் சொற்பொழிவு மண்டபத்துக்கும் சந்திரசேகர் பெயர்தான். இனி ஒரு இளைஞர் அங்கே புதிய கணக்குடன் எழுந்து நிற்கலாம். சபை சிரிக்கட்டும், பாதகமில்லை. சிரித்து முடித்தபின் கணக்கையும் சரிபார்க்க வேண்டும்!